கடைசி ஆள்

வெளிச்சம் மங்குகிற நேரம். மணி ஆறைத் தாண்டியிருக்கும். பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம்... எட்டிப் பார்த்தால் அதல பாதாளம். ஆள் நடமாட்டம் கிடையாது.

இது என் கூட்டாளியின் அக்கா வீட்டுக்காரருக்கு நடந்தது. சிரிக்கிறவர்கள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். தனியாக.

மனிதர் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு கும்பலோடு மலையில் சைக்கிள் ஓட்டக் கிளம்பிவிடுவார். விளிம்பைச் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற பாதை அது. அந்தக் கும்பலில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கடைசி ஆளாக வர வேண்டும். யாரையும் முந்தக் கூடாது. செயின் அறுந்தவனோ முட்டி பெயர்ந்தவனோ, எல்லோரையும் கொண்டு சேர்த்த பிறகுதான் அவர் வந்து சேர வேண்டும். அன்றைக்கு அந்த வேலை இவர் தலையில் விழுந்தது.

அன்றைக்கென்று பார்த்து அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"ஏழு மணிக்கு நான் போயே ஆகணும். பாப்பா தனியா இருப்பா. அப்பா குரல் கேட்டாதான் கதவைத் திறக்கணும்னு சொல்லிட்டுப் போவேன். லேட் பண்ணித் தொலைக்காதீங்க."

பாப்பாவுக்கு ஆறு வயது.

இவருக்கு முன்னால் ஒருவன். புதிதாக வந்தவன் போலிருக்கிறது. முதுகு மட்டும்தான் தெரிந்தது. பத்தடி போவான்... கடக். செயின் கழன்றுவிடும். இறங்குவான். குனிந்து மாட்டுவான். ஏறுவான். கடக்... கடக்... மறுபடி இறங்குவான்.

"நான் மாட்டித் தரட்டுமா சார்?"

அவன் குனிந்தபடியே செயினை மாட்டினான். மழை பெய்து மாதக்கணக்காகிறது, காலடியில் வெறும் புழுதி. அவனிடமிருந்து மட்டும் நாள்பட்ட ஈரத்துணியின் வாடை.

அதை யோசிக்கக்கூட நேரமில்லை இவருக்கு. அவ்வளவு எரிச்சல். போனில் சிக்னல் இல்லை. முன்னால் போனவர்களின் பேச்சுச் சத்தமும் இல்லை. நன்றாக இருட்டிவிட்டது. வீட்டில் குழந்தை கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இவனோ சாவகாசமாக... கடக்.

"எனக்குன்னு வந்து வாய்க்கிறானுங்க பாரு!" என்று வாய்விட்டே திட்டினார். ஹேண்டில்பாரை ஓங்கிக் குத்தினார். கை வலித்ததுதான் மிச்சம்.

கடைசியில் பொறுமை போயே போய்விட்டது.

"சார், ஓரமா நில்லுங்க. வீட்ல குழந்தை தனியா இருக்கு. என்னை விடுங்க!"

அவன் திரும்பவில்லை. ஒதுங்கினான். இவர் பாறையை உரசிக்கொண்டு தாண்டினார். காதருகே ஒரு நிதானமான குரல்.

"நீங்க போங்க. கடைசியா நான் வர்றேன்."

விட்டால் போதும் என்று மிதித்தார். கார்கள் நிற்கிற இடம் கண்ணில் பட்ட பிறகுதான் உறைத்தது... அவன் ஒதுங்கியது பாறைப் பக்கம் இல்லை. பள்ளத்துப் பக்கம். அங்கே நிற்க இடமே கிடையாது.

கும்பலை நடத்துகிற சைக்கிள் கடைக்காரர் டார்ச்சோடு நின்றிருந்தார்.

"எங்கய்யா போனீங்க? எல்லாரும் வந்து ஒரு மணி நேரமாச்சு!"

"பின்னாடி ஒருத்தர் வர்றாரே?"

"பின்னாடி யாரு? கடைசி ஆளே நீங்கதானே?"

இவர் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. சைக்கிளைக் காரில் தூக்கிப் போட்டார். வழி முழுக்கப் பின்னால் பார்க்கிற கண்ணாடிப் பக்கம் கண்ணைக் கொண்டுபோகவே இல்லை.

மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். படியில் யாரும் இல்லை. கதவைத் தட்டினார்.

"பாப்பா... அப்பா வந்துட்டேன்டா."

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம். தாழ்ப்பாள் விலகியது. பாப்பா. கன்னத்தில் அழுது காய்ந்த தடம், மற்றபடி ஒன்றும் ஆகவில்லை. இவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் ஒதுங்கி வழிவிட்டாள். உள்ளே வந்து ஷூவைக் கழற்றக் குனிந்தார்.

"கதவைச் சாத்துடா கண்ணு."

"இருங்கப்பா."

கதவைப் பிடித்தபடி இன்னும் கொஞ்சம்... சுவரோடு ஒட்டி ஒதுங்கினாள். முகத்தை நிமிர்த்தினாள். வாசலிலிருந்து கூடம் வரைக்கும், யாரோ கடந்து போவதைப் பார்ப்பதுபோல் மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

அதற்கப்புறம்தான் தாழ்ப்பாளைப் போட்டாள்.