மஞ்சள் கோடு சொன்ன பொய்

பதினொரு வாரம் வாயைப் பூட்டி வைத்திருந்தேன். போதும். பூட்டு துருப்பிடிக்கும் முன்னால் திறந்துவிடுகிறேன்.

அவைக்குத் தலைமை தாங்கி, எனக்குப் பத்து நிமிடம் தந்துவிட்டு இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட ஹெக்டர் மம்பி அவர்களே! தீர்மானத் தாள்களை மடியில் வைத்துக் காக்கும் செயலாளர் லெஸ்லி புட்டர் அவர்களே! பெட்டி பெட்டியாய் வந்திறங்கிய இரும்பையும் அலுமினியத்தையும் காராக மாற்றிக்காட்டிய மூத்தவர்களே! கார் நிறுத்த வேண்டிய கொட்டகையைக் கார் கட்டுவதற்கென்று விட்டுக்கொடுத்து, சமையலறை மேசையில் கியர்பெட்டியையும் குளியல் தொட்டியில் கார்புரேட்டரையும் கண்டபிறகும் எங்களை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்ட தாய்மார்களே! கடைசி மேசையில், கதவோரம், தட்டைப் பார்த்தபடி அமர்ந்திருக்கும் நோரீன் பிளாங்கின் அம்மையார் அவர்களே! உங்கள் எல்லோர் முன்னிலும் தலை தாழ்த்தி நிற்கிறேன். தலை தாழ்த்துவது எனக்குப் பழக்கமில்லை. கழுத்து வலித்தாலும் இன்று தாழ்த்துகிறேன்.

இன்னும் அரை மணியில், சொந்தக் கையால் கார் கட்டிப் பந்தயம் ஓட்டும் இந்த மன்றம் ஒரு தீர்மானத்தை வாக்குக்கு விடப் போகிறது. பந்தயத்துக்கு முன் வண்டிகளைச் சோதிக்கும் பொறுப்பிலிருந்து நோரீன் அம்மையாரை நீக்க வேண்டும் என்பது தீர்மானம். அதற்கு அடிப்படை ஒரு புகார்க் கடிதம். அந்தக் கடிதத்தை எழுதியவன் யார்?

நான்தான். இதோ நிற்கிறேன்.

அருமையான கடிதம் அது. இருபத்தெட்டு ஆண்டு லத்தீன் சொல்லிக்கொடுத்தவன் எழுதிய கடிதம் வேறெப்படி இருக்கும்? ஒரு கமா பிசகவில்லை. பிழை ஒன்றே ஒன்றுதான். அதில் எழுதியது உண்மையில்லை.

யாரோ இருமுகிறீர்கள். இருமுங்கள். இனி வருவதைக் கேட்டால் விக்கலும் வரும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நமக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நட்டை முழுதாக முறுக்கி முடித்ததும், நட்டின் முகத்திலிருந்து போல்ட்டின் நுனிவரை மஞ்சள் வண்ணத்தில் ஒரு கோடு இழுப்போம். பந்தயத்தின் அதிர்வில் நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். கோடு நேராக இருந்தால் நட்டு நிலையாக இருக்கிறது என்று பொருள். வெறும் வண்ணமா அது? இல்லை, வாக்கு! 'என் கையால் இறுக்கினேன்' என்று கட்டியவன் இரும்பின்மேல் எழுதிக்கொடுக்கும் உறுதிமொழி. ஒருவன் கோடு போட்ட நட்டை இன்னொருவன் தொடமாட்டான். கோட்டைச் சந்தேகிப்பது ஆளைச் சந்தேகிப்பது.

என் வண்டியில் அப்படி இருநூற்றுப் பதினாறு கோடுகள். நான்கு குளிர்காலம் எடுத்துக் கட்டியது. சட்டகம் ஒரு பெட்டியில் வந்தது, இயந்திரம் உடைக்கப் போட்டிருந்த ஒரு பழைய குடும்பக் காரிலிருந்து வந்தது. ஒவ்வொரு ரிவெட்டும் நான் அடித்தது. ஒவ்வொரு கம்பியும் நான் இழுத்தது. ஒவ்வொரு கோடும் நான் போட்டது. இதை ஏன் இத்தனை முறை சொல்கிறேன்? இந்த மன்றத்தில் சிலர் காசோலையால் கார் கட்டுகிறார்கள் என்பதால். பெயர் சொல்லமாட்டேன். முதல் மேசையில் அமர்ந்திருக்கும் ராட்னி கார்சைடு அவர்களே, கையசைக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு. ஹேகார்த் பந்தயத் தடம். பருவத்தின் கடைசிப் போட்டி. மூன்றாவதாக வந்திருந்தால் போதும், கோப்பை எனக்கு. ஆறு வருடம் தொடர்ந்து கார்சைடின் கணப்படுப்புக்கு மேலே நின்று தூசி படிந்த கோப்பை. காலையில் தூறல். எல்லோரும் பன்றியிறைச்சி வைத்த ரொட்டியைக் கடித்தபடி வரிசையில் நிற்கிறோம். நோரீன் அம்மையார் டார்ச்சு விளக்கும், பல் மருத்துவர் வைத்திருக்கும் குட்டிக் கண்ணாடியுமாய் என் வண்டிக்கடியில் போகிறார். வழக்கமாக இரண்டு நிமிடம். அன்று ஐந்து நிமிடம். பிறகு எழுந்தார். பேருந்துப் பணிமனையில் முப்பது ஆண்டு உழைத்த முழங்கால், மெதுவாகத்தான் எழும்.

"வாத்தியாரே, ஸ்டீயரிங் தண்டப் புடிச்சிருக்கிற கவ்வி இருக்கில்ல, அதுல இறுக்கினா தட்டையாப் படுக்க வேண்டிய ஸ்பிரிங் வாஷர் வாயத் தொறந்துகிட்டு நிக்குது. ஸ்பேனர வச்சு ஒரு இழுப்பு இழுத்துட்டுக் கூப்பிடுங்க" என்றார்.

நான் சொன்னேன்: "கோடு போட்டிருக்கேனே, தெரியலையா?"

"கோடு தெரியுது கண்ணு. இறுக்கம் தெரியலையே."

"அப்ப நான் பொய் சொல்றேங்கிறீங்களா?"

"நீங்க என்ன சொல்றீங்கன்னு நான் பாக்கவே இல்ல. வாஷர் என்ன சொல்லுதுன்னுதான் பாத்தேன்."

வரிசை முழுக்கக் கேட்டது. எனக்குப் பின்னால் நின்றவர் கார்சைடு. தன் ஸ்பேனரையே நீட்டினார். "அரை நிமிச வேலைய்யா. வேணும்னா நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்றார்.

அவையோரே, உங்களைக் கேட்கிறேன். பையில் ஸ்பேனர் இருக்கிறது. நட்டு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கோப்பை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அறிவுள்ளவன் என்ன செய்வான்? அரை நிமிடம் குனிவான். நான் என்ன செய்தேன்? நான் போட்ட கோட்டின்மேல் நானே ஸ்பேனர் வைத்தால் என் வாக்கு பொய்யென்று நானே ஒப்புக்கொண்டதாகும் என்று எண்ணினேன். அதுவும் அந்த மனிதர் பார்க்கவா! வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் இழுவை வண்டியில் ஏற்றினேன். மழையில் வீடுவரை ஒரு கண்ணாடித் துடைப்பான் மட்டும் வேலை செய்தது. திங்கட்கிழமை காலை முதல் பாடவேளைக்கு முன் கடிதம் தபாலில் விழுந்தது. 'தன்னிச்சையான போக்கு' என்று எழுதினேன். 'அனுபவமிக்க உறுப்பினர்களை அவமதித்தல்' என்று எழுதினேன். எழுதும்போது எத்தனை இன்பமாக இருந்தது தெரியுமா?

புதன்கிழமை மாலை கொட்டகைக்குப் போனேன். எதற்கு? நட்டின்மேல் ஸ்பேனரை மாட்டி, அது அசையாததைப் படமெடுத்து, கடிதத்தோடு ஆதாரமாகச் சேர்க்க. கேமராவைச் சரியாக நிறுத்தினேன். விளக்கைச் சரியாகத் திருப்பினேன். தூசியைத் துடைப்போமென்று விரலை வைத்தேன்.

நட்டு சுற்றியது.

ஸ்பேனர் தேவைப்படவில்லை. விரல் போதுமாக இருந்தது. இரண்டரைச் சுற்று, ஜாம் புட்டி மூடியைப்போலச் சுற்றியது. மஞ்சள் கோடு உடைந்து என் நகத்தில் ஒட்டிக்கொண்டது.

எப்படி நடந்தது? யோசித்தேன், உடனே நினைவுக்கு வந்தது. ஆகஸ்டில், கடைசிக்கு முந்தைய போட்டி முடிந்த பிறகு, ஒரு ஞாயிறு மதியம் அந்தக் கவ்வியைக் கழற்றி மறுபடி பூட்டிக்கொண்டிருந்தேன். நட்டை விரலால் ஏற்றிவிட்டு, முறுக்குமானி ஸ்பேனரை எடுக்க எழுந்தேன். தொலைபேசி அடித்தது. கார்சைடு. இந்த வருடமும் கோப்பைக்கு இடம் ஒதுக்கி அலமாரியைத் துடைத்துவிட்டதாகச் சொன்னார். வேடிக்கையாகத்தான் சொன்னார். பேசியது இரண்டு நிமிடம். அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை யோசித்தது இருபது நிமிடம். எட்டுப் பதில் தயாரித்தேன், எட்டும் முதல்தரமானவை! திரும்பிவந்து குனிந்தபோது கையில் ஸ்பேனர் இல்லை, வண்ணத் தூரிகை இருந்தது. இறுக்காத நட்டின்மேல் அழகாக, நேராக, அசையாத கையால் ஒரு கோடு போட்டேன்.

கோடு போட்ட கை என்னுடையது. கோபம் வளர்த்த நெஞ்சும் என்னுடையது. கார்சைடு தொலைபேசியில் பேசினார், அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குக் கசக்கிறது. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இப்போது ஹேகார்த்துக்கு வாருங்கள். இரண்டாம் திருப்பம் முடிந்து தடம் மலையிலிருந்து இறங்குகிறது. அடியில் இடதுகை வளைவு. பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டிய இடம். நட்டு எங்கே கழன்றிருக்கும், போல்ட் எங்கே விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. முதல் சுற்றிலா, ஆறாவதிலா, தெரியாது. ஆனால் அந்தத் தண்டு நழுவியிருந்தால் வண்டி எங்கே போயிருக்கும் என்பது மட்டும் தெரியும். நேராகப் போயிருக்கும். நேராகப் போனால் பழைய டயர்களை அடுக்கிய தடுப்பு. தடுப்புக்குப் பின்னால் கொடி பிடித்து நிற்கும் மேடை.

தலைவர் அவர்களே, அன்று அந்த மேடையில் நின்றது யார்? உங்கள் துணைவியார் ஃப்ரேடா. சிவப்பு மழைக்கோட்டும் தேநீர்க் குடுவையுமாய் நின்றார். மேடைக்குக் கீழே வண்டியை ஏற்றிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, என்னப்பா ஆச்சு, இன்னைக்கு நீ ஓட்டலையா என்று இரக்கத்தோடு கேட்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஃப்ரேடா அம்மா இதோ இருக்கிறார். மூன்றாவது மேசையில், தனக்குப் பிடிக்காத பட்டாணியைக் கணவர் தட்டுக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார். தள்ளட்டும்! நூறாண்டு தள்ளட்டும்!

அன்று என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. ஆம்புலன்ஸ் அசைந்ததா? அசையவில்லை. சிவப்புக் கொடி உயர்ந்ததா? உயரவில்லை. யாராவது அலறினார்களா? இல்லை, தேநீர் குடித்தார்கள். ஓடி வென்றவனுக்குக் கோப்பை கொடுக்கிறோம். வேகமாகச் சுற்றியவன் பெயரைப் பலகையில் பொறிக்கிறோம். மோதி எழுந்தவன் கதையை மாதக்கணக்கில் சொல்கிறோம். நடக்காத ஒன்றை நடக்காமல் செய்தவருக்கு நாம் எப்போதாவது எழுந்து நின்றோமா? அதற்குப் பதில்தான், ஐயா, செயலாளர் மடியில் இருக்கிற தீர்மானம்!

இந்த ஆண்டில் இருபத்துமூன்று வண்டிகளை அவர் திருப்பியனுப்பினார் என்று தீர்மானத்தில் குற்றமாக எழுதியிருக்கிறது. அந்த இருபத்துமூன்று பேரும் இன்று இங்கே கறிவடையைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இருபத்துமூன்று பேருக்கும் பத்து விரல் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள்.

கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று இந்த வாரத் திங்கட்கிழமை செயலாளரிடம் சொன்னேன். அவர் விதிப்படி பதில் சொன்னார். "நீங்க எடுத்துகிட்டா மட்டும் ஆகாது சார். உங்களையும் சேத்துப் பதினேழு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. பத்துக்குக் கீழ போனாத்தான் தீர்மானம் விழும்." அதனால்தான் மேடை கேட்டேன். பதினொரு வாரம் வெட்கம் என்னை வீட்டில் வைத்தது. இந்த ஒரு எண்தான் என்னை இங்கே இழுத்துவந்தது.

செயலாளரே, அந்தத் தாளைத் தாருங்கள். நன்றி. முதல் பெயர் என்னுடையது. பார்த்துக்கொள்ளுங்கள், அடிக்கிறேன். பதினாறு.

இந்தப் பட்டியலில் கார்சைடின் பெயரைத் தேடினேன். ஆவலோடு தேடினேன். இருமுறை தேடினேன். இல்லை! இருந்திருந்தால் எனக்கு எத்தனை ஆறுதலாக இருந்திருக்கும்! அந்த மனிதர் இதிலும் என்னை முந்திக்கொண்டார்.

மற்றவர்களே, பேனா இங்கே இருக்கிறது. என் கடிதத்தை நம்பித்தானே கையெழுத்திட்டீர்கள்? அந்தக் கடிதம் இறுக்காத நட்டு. அதன்மேல் உங்கள் கோடு எதற்கு?

யார் எழுந்திருப்பது? டெரிக் பவுச்சர். வாருங்கள். பதினைந்து. பின்னால் அவர் மருமகன், பதினான்கு. மெதுவாக வாருங்கள், பேனா ஒன்றுதான். பதின்மூன்று. பன்னிரண்டு. என்ன கேட்கிறீர்கள்? இல்லை ஐயா, அபராதம் எதுவுமில்லை, அடித்தால் போதும். பதினொன்று. பத்து.

பத்து. இன்னும் ஒன்று. ஒரே ஒன்று.

யாருமில்லையா?

தலைவர் அவர்களே... நீங்களா? உங்கள் பெயர் பதினான்காவது வரியில் இருப்பதைப் பார்த்தேன். சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஃப்ரேடா அம்மா உங்கள் சட்டைக் கையைப் பிடித்து எழுப்புவதைப் பார்க்கிறேன். வாருங்கள். இதோ பேனா.

ஒன்பது.

செயலாளர் தலையசைக்கிறார். தீர்மானம் விழுந்தது. விழுந்தது, அவையோரே! பதினொரு வாரத்துக்குப் பிறகு மூச்சு அடிவயிறுவரை போகிறது. நெஞ்சிலிருந்து ஓர் இயந்திரத்தையே இறக்கி வைத்ததுபோல் இருக்கிறது.

நோரீன் அம்மையாரே, மன்னிப்புக் கேட்கிறேன். கூட்டத்தின் நடுவில் உங்களை அவமதித்தேன். கூட்டத்தின் நடுவிலேயே கேட்கிறேன்.

என்ன சொன்னார்? பின்வரிசைக்கு மட்டும்தான் கேட்டதாம், சத்தமாகச் சொல்கிறேன். "மன்னிப்பெல்லாம் சரி வாத்தியாரே. அந்த நட்ட இறுக்கியாச்சா?"

இறுக்கியாச்சு அம்மா. இறுக்கிவிட்டுத்தான் கோடு போட்டேன். இருந்தாலும் மார்ச் மாதம் அடுத்த பருவம் தொடங்கும்போது உங்கள் கண்ணாடியோடு நீங்களே வந்து பாருங்கள்.

கேட்ட உங்களுக்கும், பெயரை அடித்த ஏழு கைகளுக்கும், நேரம் கடந்தும் மணியடிக்காத தலைவருக்கும் என் நன்றி. கார்சைடு அவர்களே, உங்களோடு சமாதானமாகிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த பருவத்தில் உங்களை வெல்வேன். எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

இறங்குவதற்கு முன் ஒரே ஒரு சொல். இந்தப் பேச்சை எழுதித்தான் கொண்டுவந்தேன். இன்று நடந்ததையும் சேர்த்து எழுதி, நம் மன்றத்து மாத மடலுக்கு நாளைக் காலை தபாலில் போடப்போகிறேன். மடல் நானூறு வீடுகளுக்குப் போகிறது. இங்கே இருப்பவர்கள் அறுபது பேர். அடியில் என் பெயர் இருந்தால், 'ஓ, அந்தச் சிடுமூஞ்சி வாத்தியாரா, அவனுக்கு நடக்க வேண்டியதுதான்' என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவார்கள். பெயர் இல்லாவிட்டால் அது யாருடைய நட்டு என்று யோசிப்பார்கள். யோசித்தவர்களில் நாலு பேராவது விளக்கை எடுத்துக்கொண்டு தங்கள் வண்டிக்கடியில் போய்ப் படுப்பார்கள். எனவே, கண்டுபிடிப்பவர்கள் கண்டுபிடிக்கட்டும், கையெழுத்துப் போடாமலே அனுப்புகிறேன்.