சங்கத்துக் கம்ப்யூட்டர் திறந்து திறந்து மூடிக்கொண்டது பற்றி

இடம்: அத்தியூ தீவு, காவல் நிலையம். வியாழக்கிழமை காலை பதிவு செய்யப்பட்டது.

என் பெயர் கைரங்கி உபோக்கோ, வயது ஐம்பத்திரண்டு, தகப்பனார் பெயர் தாமா உபோக்கோ. மாப்புமாய் ஊரில் வெள்ளைச் சர்ச்சுக்குப் பின்புறம் மனைவியோடும் மகளோடும் குடியிருக்கிறேன். சேப்பங்கிழங்கு விவசாயிகள் சங்கத்தில் லாரி ஓட்டுகிறேன். சங்க அலுவலகத்தின் சாவியும் என் பொறுப்பில் உள்ளது. படிப்பு எதுவரை என்று கேட்டதற்கு, உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருடம் இருந்தேன், படித்தேன் என்று எழுத வேண்டாம், இருந்தேன் என்று எழுதினால் போதும் என்று கூறினேன். இதைப் பதிவு செய்யும் கான்ஸ்டபிள் பாயேரே என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி என்பதையும், தீவில் வேறு கான்ஸ்டபிள் கிடையாது என்பதையும் அவர் சொன்னபடி இதில் சேர்த்துக்கொள்கிறேன்.

மேற்படி சங்கத்தின் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மாற்றி, யாரும் உள்ளே போக முடியாதபடி செய்துவிட்டதாகப் பழைய செயலாளர் அகைத்தி மீது தலைவர் மானுவா கொடுத்த புகார் சம்பந்தமாக எனக்குத் தெரிந்ததை என் இஷ்டப்படி, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கூறுகிறேன். என் மனைவியின் வற்புறுத்தல் உண்டு. அது சட்டத்தில் சேராது என்று கான்ஸ்டபிள் கூறினார்.

கம்ப்யூட்டர் பற்றி உமக்கு என்ன தெரியும் என்று கேட்டதற்குக் கூறுவது: அதை நியூசிலாந்திலிருந்து வந்து தங்கியிருந்த ஓர் ஆசிரியர் சங்கத்துக்குக் கொடுத்தார். யூனிக்ஸ் வம்சத்தில் வந்தது என்றார். வம்சம் நல்லதுதானா என்று மட்டும் விசாரித்தேன். துறையிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தவன் நான். அவர் பூட்டி முடிக்கும்வரை திருப்புளியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான். வேறு ஆள் இல்லாததால் அவர் விளக்கத்தையெல்லாம் என்னிடமே சொன்னார்.

அவர் சொன்னது: சுவிட்சைப் போட்டதும் வாசற்காரன் எழுந்து வருவான். திரையில் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்பவன் அவன்தான். பாஸ்வேர்ட் தப்பு என்றால் அதைத் தட்டுகிற கட்டம் இடமும் வலமும் தலையாட்டும், தப்பு என்று எழுதியும் காட்டும். சரி என்றால் வாசற்காரன் விலகிக்கொள்வான். அதன் பிறகு வீட்டை எழுப்புகிறவன் வருவான். அவன் நம் பெயரிலுள்ள அறைக்குள் போய், இவருக்கு எந்த மொழி, எந்த விசைப்பலகை என்ற குறிப்புகளைப் படித்துவிட்டு, 'இவர் அனுமதி பெற்றவர்' என்று அங்கேயே ஒரு சின்னச் சீட்டு எழுதி வைப்பான். அந்தச் சீட்டைப் பார்த்தால்தான் திரை மற்றவர்களை மதிக்கும். அதன் பிறகு ஜன்னல்களுக்குச் சட்டம் போடுகிறவன், அதன் பிறகு கீழே நேரம் காட்டும் பட்டை, அதன் பிறகு பின்னணிப் படம், அதன் பிறகு தினமும் தானாக எழ வேண்டிய சில்லறை ஆட்கள், கடைசியாக, போன தடவை மூடும்போது எந்தக் காகிதம் திறந்து கிடந்ததோ அது. துமுனு என்கிற எங்கள் ஊர்க் குடி வட்டத்தில் ஆரஞ்சுக் கள் ஊற்றுகிறவர் ஒரே சிரட்டையை வட்டமாக நீட்டிக்கொண்டு வருகிற மாதிரி, ஒருவர் குடித்து முடித்தால்தான் அடுத்தவருக்கு. நடுவில் ஒருவர் சாய்ந்தால் வட்டமே கலைந்துவிடும்.

"துமுனுவையெல்லாம் எழுத வேணாம் மாமா" என்று கான்ஸ்டபிள் கூறினார். அதற்குள் எழுதிவிட்டார்.

சம்பவம் குறித்துக் கூறுவது: போன வியாழக்கிழமை சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. துறையில் கிழங்கு மூட்டைகள் மழையில் நனைந்து அழுகியது பற்றிச் செயலாளர் அகைத்திக்கும் தலைவர் மானுவாவுக்கும் வாக்குவாதம் வந்தது. தார்ப்பாய் போடாமல் விட்ட டிரைவர் யார் என்ற இடத்துக்குப் பேச்சு வரவில்லை, நானும் வரவழைக்கவில்லை. அதன் பிறகு அகைத்தி எழுந்து, "நாளைலேருந்து நீங்களே உக்காந்து தட்டுங்க. எத்தன பேருக்கு எழுத்து தெரியுதுன்னு பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். புகாரில் மிரட்டல் என்று காட்டியிருப்பது இந்த வார்த்தைகளைத்தான்.

அதன் பிறகு சனிக்கிழமை எங்கள் நெட்பால் டீமின் பயிற்சி ஆட்டம் நடந்தது. என் மகள் தபைரு அதில் கோல் ஷூட்டர். டீமின் பயிற்சியாளர் மேற்படி அகைத்தி. ஆட்டத்தை வழக்கம்போல நான் கேமராவில் பிடித்தேன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாததால், பிடித்ததையெல்லாம் சங்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டு வைப்பது என் வழக்கம். யாருடைய அனுமதியின் பேரில் என்று கேட்டதற்கு, சாவி என்னிடம் இருந்தது என்று கூறினேன். அன்று உள்ளே போனபோது அகைத்தி அக்காவின் காகிதம் ஒன்று திரையில் திறந்து கிடந்தது. அவர் காகிதத்தைத் தொடும் தைரியம் இல்லாததால் படிக்காமல் ஓரமாக நகர்த்திவிட்டு, வீடியோவை ஏற்றி, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, விசிலடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அதன் பிறகு திங்கட்கிழமை, இந்த வாரக் கப்பலுக்கான கிழங்குப் பட்டியலை தலைமைத் தீவான ரரோட்டோங்காவுக்கு அனுப்பத் தலைவர் மானுவா உட்கார்ந்தார். பாஸ்வேர்டைத் தட்டினார். திரை ஒரு நொடி இருண்டது, மறுபடியும் பாஸ்வேர்ட் கேட்டது. மறுபடியும் தட்டினார், மறுபடியும் கேட்டது. மத்தியானம்வரை இப்படியே போனது. அதன் பிறகு அவர் வெளியே வந்து, ரோட்டில் போகிற எல்லாருக்கும் கேட்கும்படி, "மாத்திட்டாய்யா அந்தம்மா!" என்றார். அதன் பிறகு இந்த நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தார். விசாரணை முடியும்வரை தீவை விட்டுப் போகக்கூடாது என்று அகைத்திக்குச் சொல்லப்பட்டது. டீம் வெள்ளிக்கிழமை விமானத்தில் ரரோட்டோங்காவுக்குத் தேசியப் போட்டிக்குப் போகிறது என்பது தீவில் எல்லாருக்கும் தெரியும். பயிற்சியாளர் இல்லாமல் போனால் ரெஃபரியோடு யார் சண்டை போடுவது என்பது எங்கள் வீட்டில் பெரிய கேள்வியாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது என் மகள் தட்டைத் தள்ளிவிட்டு, "அக்கா அப்படிச் செய்யற ஆளாப்பா? அது கோவம் வந்தா நேரா வந்து மூஞ்சிக்கு நேரா திட்டிட்டுப் போகும். பூட்டையெல்லாம் மாத்தாது" என்றாள்.

"அதுல உள்ளதெல்லாம் எனக்குத் தெரியும்மா, நான்தான..." என்று நான் ஆரம்பித்தேன்.

"ஆமா, திருப்புளி புடிச்ச எஞ்சினியரு. தெரிஞ்சா போய்ப் பாக்க வேண்டியதுதான? இங்க உக்காந்து மீனத் தின்னுகிட்டிருந்தா தெரியுமா?" என்று என் மனைவி கூறினாள்.

எனவே நேற்றுப் புதன்கிழமை காலை, தலைவரையும் கான்ஸ்டபிளையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். முதலில் வேண்டுமென்றே தப்பான பாஸ்வேர்டைத் தட்டினேன். கட்டம் தலையாட்டியது, தப்பு என்று எழுதிக் காட்டியது. அதன் பிறகு பழைய பாஸ்வேர்டையே தட்டினேன். தலையாட்டவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. திரை இருண்டது, திரும்பி வாசலுக்கே வந்தது.

"தலைவரே, பாஸ்வேர்ட் மாறல. வாசல்ல உள்ளவன் விடறான். உள்ளதான் யாரோ சாயறாங்க" என்றேன்.

"திறக்கலியேடா?"

"திறக்குது. திறந்து மூடிக்குது."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"உங்களுக்கு ஒண்ணு. அகைத்தி அக்காவுக்கு ஒண்ணில்ல" என்றேன். இது நான் என் வாழ்நாளில் பேசிய கெட்டிக்காரப் பேச்சு என்பதால் அப்படியே பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஆசிரியர் காட்டியிருந்தபடி மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினேன். படம் இல்லாத கறுப்புத் திரை ஒன்று வந்தது. அது வீட்டின் பின்வாசல் மாதிரி, அங்கே ஜன்னல், பட்டை ஒன்றும் எழ வேண்டியதில்லை. அதில் சங்கத்தின் பெயரையும் அதே பழைய பாஸ்வேர்டையும் தட்டினேன். உடனே உள்ளே விட்டது. கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

அதன் பிறகு டிஸ்கில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கும் கட்டளையைத் தட்டினேன். இரண்டே எழுத்து என்பதால் நினைவிருந்தது. நூற்றுக்கு நூறு நிரம்பிவிட்டது என்று வந்தது. நான் எந்தப் பரீட்சையிலும் பார்க்காத மார்க் அது. அந்தச் சின்னச் சீட்டை எழுதக்கூட இடமில்லாததால்தான், வீட்டை எழுப்புகிறவன் ஒவ்வொரு தடவையும் வாசலோடு திரும்பிவிட்டான் என்பது எனக்குப் புரிந்தது. இடத்தை அடைத்தது யார் என்பதும் புரிந்தது.

"யாரு அடைச்சான்னு பாரு" என்றார் தலைவர்.

"பாக்கணுமா தலைவரே?"

"பாரு மாமா" என்றார் கான்ஸ்டபிள்.

பட்டியலை வரவழைத்தேன். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சர்ச்சில் வேதம் வாசிக்கிற குரலில் வாசித்தார். "தபைரு கோல். தபைரு இன்னொரு கோல். தபைரு கோல், வெயில். தபைரு போட்டிருக்க வேண்டிய கோல், ரெஃபரி தப்பு. தபைரு ஆரஞ்சு சாப்பிடுகிறாள்." அதன் பிறகு கண்ணாடியைக் கழற்றி, "இதுக்காடா நான் திங்கக்கிழமை பூரா தட்டினேன்?" என்றார். மேற்படி ஃபைல்கள் எல்லாம் நான் போட்டவை, பெயர்களும் நான் வைத்தவை என்று ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாவற்றிலும் பெரிய ஃபைல் எது என்று கேட்டதற்குக் கூறுவது: அது சனிக்கிழமை ஏற்றியது. ஆட்டம் முடிந்த பிறகு கேமராவை வேலியில் மாட்டியவன் அணைக்க மறந்துவிட்டேன். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு காலி மைதானத்தையும், இரண்டு கோழிகளையும், குறுக்கே போன பாஸ்டர் வீட்டுப் பன்றியையும், பேட்டரி தீரும்வரை அது பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஏற்றும் முன் பார்த்தீரா என்று கேட்டதற்கு, பார்த்தேன், பன்றி நன்றாக வந்திருந்தது என்று கூறினேன்.

தலைவர் அழிக்கச் சொன்னார். எல்லாவற்றையுமா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கோழிய மட்டும் அழி, போதும்" என்றார். அழித்தேன்.

அதன் பிறகு படமுள்ள திரைக்குத் திரும்பி பாஸ்வேர்டைத் தட்டினேன். இருண்டது. அதன் பிறகு பட்டை வந்தது. அதன் பிறகு பின்னணிப் படம் வந்தது. அதன் பிறகு சில்லறை ஆட்கள் ஒவ்வொருவராக மூலையில் வந்து உட்கார்ந்தார்கள். கான்ஸ்டபிள் கை தட்டினார், அதை எழுத வேண்டாம் என்று இப்போது கூறுகிறார். கடைசியாக, அகைத்தி திறந்து வைத்துவிட்டுப் போன காகிதம் தானாக விரிந்தது. அது இந்த வாரக் கப்பலுக்கான கிழங்குப் பட்டியல். யார் தோட்டத்தில் எவ்வளவு, எந்த வியாபாரிக்கு எது என்று முழுதும் முடித்து வைத்திருந்தார். மேலே இப்படி எழுதியிருந்தது: "மானுவா அவர்களுக்கு: எல்லாம் தயார். 'அனுப்பு' பொத்தானை மட்டும் அழுத்தவும். அதையாவது ஒழுங்காக."

தலைவர் அதை இரண்டு தடவை வாசித்தார், இந்தத் தடவை வேத வாசிப்பு இல்லை. அதன் பிறகு பொத்தானை அழுத்தினார். விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்ததால், "ஒரு தடவ போதும் தலைவரே" என்று கூறினேன்.

அதன் பிறகு மாலையில் நானும் தலைவரும் நெட்பால் மைதானத்துக்குப் போனோம். அகைத்தி பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் விசிலை வாயிலிருந்து எடுத்து, "என்ன, கள்ளச்சாவி போடக் கத்துக்க வந்தீங்களா?" என்று கேட்டார்.

"தப்பு என் மேலம்மா. விசாரிக்காம எழுதிக் குடுத்துட்டேன்" என்று தலைவர் கூறினார்.

"சத்தமா சொல்லுங்க. அந்தக் கோல் போஸ்ட்டுக்குக் கேக்கல."

தலைவர் மறுபடியும் சத்தமாகச் சொன்னார். டீம் முழுவதும் நின்று கேட்டது. அதன் பிறகு அகைத்தி என் பக்கம் திரும்பி, "ஏன் கைரங்கி, என் டீம்ல ஏழு பேரு ஆடுறாங்க. மத்த ஆறு பேரு உன் கண்ணுக்குத் தெரியலயா?" என்று கேட்டார். ஃபைல்களின் பெயர்கள் எங்களுக்கு முன்னாலேயே மைதானத்துக்கு வந்து சேர்ந்துவிட்டன. என் மகள் பந்தால் முகத்தை மறைத்துக்கொண்டு, "அப்பா, ஆரஞ்சு கூடவாப்பா?" என்றாள். ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

புகாரை வாயால் திரும்பப் பெற்றால் போதாது, நடந்ததை எழுத்தில் கொடுத்தால்தான் அகைத்தி நாளை விமானம் ஏற முடியும் என்று கான்ஸ்டபிள் கூறியதால் இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். அகைத்தி எந்தப் பாஸ்வேர்டையும் மாற்றவில்லை. இடத்தை அடைத்தவன் நான். என் மீது நடவடிக்கை எடுப்பதானால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், ஆனால் போட்டி முடிந்து திரும்பிய பிறகு எடுக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். நாளை விமானத்தில் எனக்கும் டிக்கெட் இருக்கிறது. கேமராவை எடுத்துப் போகலாமா என்பது பற்றி அகைத்தியிடம் இன்னும் கேட்கவில்லை.

இதுவரை கூறியவை என் கண்ணால் கண்டதும் என் கையால் செய்ததும் ஆகும். எனக்குப் படித்துக் காட்டினார்கள். கூட்டவும் குறைக்கவும் ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) கைரங்கி உபோக்கோ

என் முன்பாகக் கூறப்பட்டு, என்னால் எழுதப்பட்டது. புகார்தாரர் மானுவா நேரில் வந்து புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அகைத்தி மீதான பயணத் தடை இந்த நிமிடம் முதல் இல்லை. தகவலை அவருக்குத் தெரிவிக்க ஆள் அனுப்பவில்லை. அவர் காலையிலிருந்தே பெட்டியோடு நிலைய வாசலில் உட்கார்ந்து, எழுதி முடிக்க எவ்வளவு நேரம் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

(ஒப்பம்) பாயேரே, கான்ஸ்டபிள்