இன்னைக்கு மட்டும் நீ கணேஷ்

அலோர் ஸ்டார் விமான நிலையத்தில், கோலாலம்பூர் விமானத்துக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் தம் நாலு வயது மகனிடம் குனிந்து, "இன்னைக்கு மட்டும் உன் பேரு கணேஷ், சரியா?" என்றார்.

"நான் தினேஷ் லா."

மனைவி பல்லைக் கடித்தார். "ரெட்டைப் புள்ளைங்களோட மைகிட் அடையாளக் கார்டு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு. நீங்க அவசரப்படுத்துனதுல வீட்டுல இருக்கிறவனோடத எடுத்துட்டு வந்துட்டேன்."

"கார்டுல போட்டோ இல்ல லா, யாருக்குத் தெரியும்? டிக்கெட்டுலதான் பேரு தப்பா அடிச்சிட்டோம்னு சொல்லிக்கிறேன்."

"நாளைக்கு கே.எல். ஆஸ்பத்திரியில என்ன சொல்லுவீங்க?"

"அத அங்க பாத்துக்கலாம். இந்த ஆப்பரேஷன் டேட்ட விட்டா டாக்டரு மறுபடி எப்ப குடுப்பாரு?"

பையன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, அப்ப ஆப்பரேஷனும் கணேஷுக்கா?"

வரிசை நகர்ந்தது. அவர்கள் நகரவில்லை.

மனைவி பையைத் தூக்கித் தோளில் மாட்டினார்.

"காடிய எடுங்க, ரோட்டுலயே போயிடலாம். சுங்கை பட்டாணியில நம்ம வீட்டுல இறங்கி இவன் கார்ட எடுத்துக்கிட்டு, அப்படியே கே.எல். வரைக்கும் ஓட்டுங்க. கத்தி வைக்கப்போறது இவன் நெஞ்சுல. பேரும் இவனோடதாவே இருக்கட்டும்."