பெயரிடப்படாத பட்டன்

— அப்ளிகேஷன் போடக் கடைசி தேதி முடிஞ்சு பதினோரு நாளு ஆவுது. இப்ப வந்து நின்னா நான் இன்னாம்மா பண்ணுவேன்? தபால்லயாவது போட்டிருக்கலாம்ல?

— ஆபீசுக்கு மூணு தடவ போன் பண்ணிக் கேட்டேன் சார். தபால்ல வாங்க மாட்டோம், ஸ்கூல் வெப்சைட்ல போட்டாதான் உண்டுன்னுட்டாங்க. நேர்ல வரலாம்னா அந்த வாரம் பூரா மழை. மலைய விட்டு பஸ்ஸே எறங்கல.

— எந்த ஊரு நீ?

— வெள்ளிமலைக்கு அந்தாண்ட சார். பேரு செவ்வந்தி. எம்.ஏ. தமிழ், பி.எட்.

— கண்ணு... பொறவியிலயேவா?

— ஆமாங்க சார்.

— அடப் பாவமே. உக்காரும்மா. வலது கைப்பக்கம் நாற்காலி இருக்கு பாரு... ம், அதான். ஒண்ணு சொல்றேன் கேளு. இந்த ராஜாங்கம் கரும்பு போட்ட நெலத்துல ஸ்கூல் கட்டினவன். தியாகதுருகத்துல யார வேணா கேளு, வந்தவங்கள வாசல்ல நிக்க வெச்சு அனுப்புற ஆளு இல்ல நானு. ஆனா நூத்தி எண்பது பேரு அந்த வெப்சைட்லதான் போட்டாங்க. உனக்கு மட்டும் இன்னா கஷ்டம்?

— கேட்டுப் பாருங்க சார். என் போனு, திரையில இருக்கிறத வாயால படிக்கும். இப்ப உங்க வெப்சைட்டுலதான் வெரல வெக்கிறேன்.

— பெயரிடப்படாத படம். பெயரிடப்படாத படம். பெயரிடப்படாத பட்டன். பெயரிடப்படாத பட்டன்.

— இன்னாம்மா இது, ஒண்ணையே சொல்லிக்கினு இருக்குது?

— எனக்கு அவ்ளோதான் சார் தெரியும். பேரு எழுதுற கட்டம் எது, படிப்பு எழுதுற கட்டம் எதுன்னு தடவித் தடவி, குத்துமதிப்பா எல்லாத்தையும் ரொப்பினேன். அனுப்புற பட்டன்னு நெனச்சு ஒண்ண அழுத்தினேன். அது அழிக்கிற பட்டனு. எல்லாம் போயிடுச்சு. ஒரு தடவ இல்ல, நாலு தடவ. கடைசி நாளு சாயங்காலம் அஞ்சு மணிக்கு நீங்க மூடிட்டீங்க. நான் அதுக்கப்புறமும் தட்டிக்கினேதான் இருந்தேன்.

— அது பாக்க எவ்ளோ ஷோக்கா இருக்கு தெரியுமா? பொம்மை ஜாஸ்தி, எழுத்து கம்மி. பாத்தவன்லாம் மெச்சிக்கினு போறான்.

— அழக நான் கலைக்கச் சொல்லல சார். பொம்மைக்குப் பின்னாடி, உள்ள எழுதுற கம்ப்யூட்டர் கோட்ல, 'இது அனுப்புற பட்டன்'னு ஒரு வார்த்த. வெளியில தெரியவே தெரியாது. வெப்சைட்ட இப்டி இப்டி கட்டணும்னு உலகம் பூராவுக்கும் ஒரு விதிமுறை எழுதி வெச்சிருக்காங்க சார். அதும்படி செஞ்சா என் போனும் படிக்கும், எங்க மலையில இருக்கிற பழைய போன்லயும் தொறக்கும்.

— அதெல்லாம் பேங்கு, ரயில்வேக்கு. என் வூட்டு வாசல்ல எப்டி கோலம் போடணும்னு எவனோ எங்கியோ எழுதி வெச்சா, நான் கேக்கணுமா?

— கோலம் உங்க இஷ்டம் சார். 'ஆசிரியர் தேவை'ன்னு போர்டு மாட்டிட்டு, ஏறி வர படி கட்டலன்னா?

— நான் இன்னா வேணும்னா பண்ணேன்? கம்ப்யூட்டர ஆன் பண்ணக்கூட தெரியாது எனக்கு. ஒண்ணு சொல்றேன் கேளு. நீ ஒருத்தி. ஒருத்திக்காக மொத்தத்தையும் பிரிச்சுப் போடச் சொல்றியா?

— ஒருத்தின்னு எப்டி சார் சொல்றீங்க? உள்ள வர முடியாதவங்க எத்தினி பேருன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?

— ம்... நல்லாத்தான் பேசற. க்ளாஸ்லயும் இப்டித்தான் பேசுவியா?

— பேச விட்டாத்தான சார் தெரியும். கச்சிராயபாளையத்துல ரெண்டு வருஷம் டியூஷன் எடுத்தேன். தமிழ்ல ஒரு புள்ளகூட பெயிலாவல.

— அந்த எடத்துக்கு ஆள் போட்டாச்சும்மா. வீணா ஆசைப்படாத.

— தெரியும் சார். அதுக்காக வரல. அடுத்த வருஷமும் நீங்க ஆள் எடுப்பீங்க. அப்பவாச்சும் இது பேசணும்.

— சரி, சரி. நீ இவ்ளோ தூரம் வந்துட்ட, என் மனசும் கேக்கல. வெப்சைட் செஞ்சவன் கள்ளக்குறிச்சிலதான் கட வெச்சிருக்கான். சாவகாசமா ஒரு நாளு சொல்லி, சரி பண்ணச் சொல்றேன். மோர் குடிச்சிட்டுக் கெளம்பு, பஸ்ஸு வந்துடும்.

— வீரமணிதான சார்? அடியில அவரு பேரும் நம்பரும் மட்டும் எழுத்துல இருக்குது. அத என் போனு படிக்கும். இதோ, இப்பவே அவருக்கு கால் போட்டுட்டேன்.

— இப்ப இன்னாத்துக்கும்மா அவன... வெய்யி, நானே பேசிக்கிறேன்—

— வணக்கம், வீரமணி வெப் டிசைன். யாருங்க?

— அண்ணே, என் பேரு செவ்வந்தி. எனக்குக் கண்ணு தெரியாது. ராஜாங்கம் சார் ரூம்லேர்ந்துதான் பேசறேன், ஸ்பீக்கர்ல. ஸ்கூல் வெப்சைட்ல பட்டனுக்கெல்லாம் பேரு வெக்கணும். சார் சரின்னுட்டாரு.

— சார் சரின்னுட்டாரா? நெசமாவா சிஸ்டர்?

— எதிர்லதான் உக்காந்திருக்காரு.

— யப்பா, இப்பதான் நிம்மதி. புதுசா எதுவும் எழுதவே வேணாம் சிஸ்டர், மொதல்ல செஞ்சது எங்கிட்ட அப்டியே இருக்கு. அதுல ஒரு பட்டன் விடாம பேரு வெச்சிருந்தேன். போன வருஷம் உங்கள மாதிரி ஒருத்தரு, வேடியப்பன்னு, அதுல அப்ளை பண்ணி இன்டர்வியூவுக்கே வந்துட்டாரு. அன்னிக்கு சாயங்காலமே சார் என்னக் கூப்ட்டு, 'இவங்கள எதிர்ல உக்கார வெச்சுக்கினு வேல இல்லன்னு சொல்ல முடியலடா வீரமணி, அந்தப் பட்டன் பேரையெல்லாம் எடுத்துடு'ன்னு சொன்னாரு.