மிஷினுக்குத் தெரியாத மொட்டை

நான் யார் பேச்சிலும் தலையிடுகிறவள் இல்லை. சனத்நகரில் ஏறிய பஸ்ஸில் காதில் விழுந்தது இது. முன் சீட்டில் ஒரே கம்பெனிச் சட்டை போட்ட இரண்டு பேர். இளையவருக்குப் புது மொட்டை. மீசை இருந்த இடத்தில் ஏதோ கருப்பாகத் துடைத்த தடம்.

"நாலு நாள் வேலை செஞ்சேன் அண்ணே. நாலு நாளும் ஆப்சென்ட்டாம்."

"ஏன்டா?"

"அட்டெண்டன்ஸுக்கு முகம் பாக்குற மிஷின் வந்துச்சுல்ல, அதுக்கு என்னைத் தெரியலை. பொண்ணு கல்யாணம் கூடி வந்துச்சுன்னு திருப்பதியில முடி கொடுத்தேன். இப்ப கல்யாணத்துக்குச் சேர்த்து வெச்ச லீவையே வெட்டுறாங்க."

"மேனேஜருக்கு உன்னை இருபது வருஷமாத் தெரியுமே!"

"'எனக்குத் தெரியுதுப்பா, மிஷினுக்குத் தெரியணுமே'ங்கிறார்."

"புது போட்டோ எடுக்கச் சொல்றதுதானே?"

"ஹவ், ஆமா, கேட்டேனே. வருஷத்துக்கு ஒரு தடவைதானாம்."

"அப்ப மீசை முளைக்கிற வரைக்கும் லீவா?"

"அதெல்லாம் நக்கோ, வேண்டாம் அண்ணே. இன்னைக்கு மேனேஜரே கதவைச் சாத்திட்டு, மேஜையிலிருந்து கண்மை எடுத்து எனக்கு மீசை வரைஞ்சுவிட்டார். மிஷின் உடனே பச்சை லைட் போட்டுச்சு. மிச்ச லீவு தப்பிச்சுது."

"ஆம்பிளை மேஜையில கண்மை எதுக்குடா?"

"போன வாரம் அவரும்தானே திருப்பதி போயிட்டு வந்தார்."