பெரட்டில் யாரும் ஏற்காத கடிதம்

நமுனுகுலை மலையின் மூடுபனி நம் மண்டப வாசல்வரை வந்து நிற்கும் இந்த மாலையில், தலைமை தாங்கும் தகைசால் பாடசாலை அதிபர் அவர்களே, பதுளை நீதிமன்றத்தில் என்னை வென்ற, என்னிடம் தோற்ற சட்டத்தரணிகளே, பெரியோர்களே, தேயிலைக் கொழுந்து நிறுத்த கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே, வணக்கம்!

என் இலிகிதராய் இருந்த வீரசிங்கம் ஐயா அங்கிருந்து கேட்கிறார்: "கோட்ட கழட்டிட்டு எங்கம்மா போனீங்க?"

சொல்கிறேன் ஐயா. சட்டத்தரணியாய் வழக்காடப் பன்னிரண்டு ஆண்டு உடுத்திய கறுப்பு அங்கி. கழற்றும்போது கண் கலங்கியது உண்மை.

மடுல்சீமைப் பக்கத்துப் பவுலினாவை அறிவீர்கள். உயர்தரம் சித்தியடைந்தவள். நேர்முகப் பரீட்சைக்கு அழைத்துக் கடிதம் வந்தது. எங்கே வந்தது? அவள் குடியிருக்கும் லயத்துக்கா? தோட்டத்து ஆபீசுக்கு! அங்கே கடிதங்களைக் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் அந்த வரிசையில், பெயர் கூப்பிட்டுத்தானே கொடுப்பார்கள்? தோட்ட வேலைக்குப் பேர் பதியாத பிள்ளை பெரட்டுக்கு ஏன் போகிறாள்? கூப்பிட்டார்கள், குரல் வரவில்லை, கடிதம் மேசை லாச்சிக்குள் போய் உறங்கியது. பரீட்சை நாளும் போயிற்று.

தோட்ட நிருவாகத்தின் மேல் வழக்காடினேன். மூன்றாண்டு! வென்றேன். நீதிமன்றப் படியில் நின்று பவுலினா சொன்னாள்: "கேஸு ஜெயிச்சது சந்தோஷங்க அக்கா. ஆனா அந்த வேலைய இப்ப வேற ஆளு பாக்குறாங்களே."

அந்தப் படியிலேயே நான் தோற்றுப்போனேன், அவையோரே!

இன்று ஒரு நிறுவனத்தில், எவரும் விடுபடாமல் ஆளெடுக்கும் பொறுப்பு எனக்கு. பதவிப் பெயர் நீளம். என் அம்மா "கதவு தொறக்குற வேல" என்கிறார். சிரிக்காதீர்கள், அதுவே சரி! விண்ணப்பத்தில் லயமும் அதிலுள்ள காம்பிரா அறையின் எண்ணும் எழுத இடம் வைத்தேன். கடிதத்தைக் கையில் கொடுக்க ஆள் வைத்தேன். பிறகு ஒரு பகல் கண்ணயர்ந்தபோது கனவு: பனிக்குள் ஒருவர் நடக்கிறார், லயம் லயமாய் நடக்கிறார், ஒவ்வொரு காம்பிராவின் முன்னும் ஒரு பெயரை மெல்லச் சொல்கிறார், கதவுகள் திறக்கின்றன, திறக்கின்றன, திறந்துகொண்டே இருக்கின்றன...

விழித்தேன். கனவு பலிக்குமா? பவுலினா மறுபடி, இம்முறை எங்கள் நிறுவனத்துக்கு, விண்ணப்பித்திருந்தாள். செவ்வாயன்று நேர்முகப் பரீட்சைக் கடிதம் புறப்பட்டது. சேர்ந்ததா? சத்தியமாய் எனக்குத் தெரியாது. பவுலினா, வந்திருக்கிறாயாம்மா?

"இருக்கேன் அக்கா! கதவ தட்டி என் கையிலயே குடுத்தாங்க! திங்கக்கெழம வரச் சொல்லியிருக்கு!"

பொறுங்கள், கைதட்டப் பொறுங்கள்! வேலை இன்னும் கிடைக்கவில்லை. அவள் வெல்லலாம், தோற்கலாம். ஆனால் திங்களன்று அந்த அறையில் அவள் பெயரைக் கூப்பிடும்போது, "இருக்கேன்" என்று சொல்ல அவள் அங்கே இருப்பாள். வீரசிங்கம் ஐயா, நான் போன இடம் அதுதான்.

பனியில் நடந்து வந்த உங்கள் பாதங்களுக்கும் செவிமடுத்த உள்ளங்களுக்கும் நன்றி, வணக்கம்!