வெளுத்துப்போன குப்பி

கரமனையில் காலை பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. அதனால் நான் சீக்கிரமே கிளம்பிவிடுவேன். ஆய்வகத்தை முதலில் திறப்பது ஹரிஷங்கர்தான் என்று காவலாளி உங்களிடம் சொன்னது சரிதான்.

விசாரணைக் குழுவில் நீங்கள் யாரும் வேதியியல் படித்தவர்கள் இல்லை என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். இரண்டு சிலிக்கான் அணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பை உண்டாக்குவது கஷ்டம். உண்டாக்கினாலும் காற்றுப் பட்டால் போயிற்று. அப்படிக் கிடைக்கும் ஆரஞ்சு நிறப் பொடி சீக்கிரமே வெளுத்துவிடும். ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள், அதிலேயே பொருத்திய ரப்பர் கையுறைகளில் கையை விட்டுத்தான் வேலை செய்வோம்.

பாறசாலையிலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவி லிபி, சேர்ந்த இரண்டாம் வருஷமே அதைச் செய்துவிட்டாள். எனக்குப் பல வருஷமாகக் கைகூடாதது. பொறாமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள். சுலபமாக ஜெயிப்பவர்களுக்கு நிதானம் வராது. அவள் கொஞ்சம் பக்குவப்படட்டும் என்றுதான் நினைத்தேன். எக்ஸ்ரே எடுத்து நிரூபிப்பதற்கு முன், காலையில் அவளுடைய பொடி இருந்த குப்பியை வெளியே எடுத்து மூடியைத் தளர்த்தினேன். பிறகு இறுக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

"சாரே, எனக்க கையிலதான் என்னமோ கொறவு. இதும் வெளுத்துப் போச்சு" என்றாள்.

"எல்லாருக்கும் நடக்கறதுதாம்மா. மறுபடி பண்ணு. நான் கூட இருக்கேன்."

கூடவே இருந்தேன். சாப்பிடாமல் கிடந்தவளைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். தட்டின் முன் அவள் அழுதபோது, என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தவித்தேன். அவள் மறுபடி செய்தாள். மறுபடி வெளுத்தது. அப்புறமும் அப்படித்தான். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

கடைசியில் சந்தேகம் பெட்டியின் மேல் விழுந்தது.

"சாரே, இதுல எங்கயோ காத்து கேறுது. வெளியில, குடுவையில ஆர்கான் நெறச்சு செய்யட்டா?"

இந்த வேலைக்குத் தேவையான பொட்டாசியம் உலோகம் காற்றின் ஈரம் பட்டாலே தீப்பிடிக்கலாம் என்று எனக்குத் தெரியும். பெட்டியில் ஓட்டை இல்லை என்பதும் தெரியும். ஆனால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்குமே.

"உன் இஷ்டம்மா" என்றேன்.

தீயை அணைத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் முகத்தையும் கைகளையும் காப்பாற்ற முடியவில்லை.

பெட்டியைச் சுத்தம் செய்தபோது, பின்மூலையில் அவள் யாருக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்த ஒரு குப்பி கிடைத்தது. நல்ல ஆரஞ்சு நிறம். கொஞ்சமும் மங்கவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண்களுக்குக் கட்டுப் போட்டிருந்தார்கள். என் குரலைக் கேட்டதும் தலையைத் திருப்பினாள்.

"சாரே, பின்னால ஒரு குப்பி வெச்சிருந்தேன். நெறம் நிக்குதா?"

அந்த நிலைமையில் அவளை அலைக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. வெளுத்துப் போய்விட்டது என்றேன்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் ஆய்வகத்துக்குத் திரும்பியதும் அந்தக் குப்பியையும் வெளியே எடுத்து மூடியைத் திறந்து வைத்தேன்.